காசு குறைவு, போட்டி அதிகம்: தனியார் பல்கலைக்கழகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிவாளர் அலுவலகத்தில் பல வருடம் கோப்பு தள்ளியவன் நான். இப்போது சின்னதும் நடுத்தரமுமான தனியார் பல்கலைக்கழகங்களின் நிர்வாகிகளோடு உட்கார்ந்து பேசுவதே வேலையாகிவிட்டது. எங்கே போனாலும் திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிவைத்து, கீழே பதிலும் போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதை மறுபடி சொல்லாமல் எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. "கையில காசே இல்லை சார், இதுல புதுமை எங்கேர்ந்து வரும்?"

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காசு நிஜமாகவே இல்லையா, இல்லை எங்காவது மாட்டிக்கொண்டிருக்கிறதா? நான் பார்த்த வரையில் பெரும்பாலும் இரண்டாவதுதான். நாலு பேர் மட்டும் எடுக்கும் விருப்பப்பாடம், மதியத்துக்கு மேல் பூட்டியே கிடக்கும் ஆய்வகம், யாரும் திறந்து பார்க்காத மென்பொருளுக்கு வருடாவருடம் கட்டும் சந்தா, இப்படிக் காசு பல இடங்களில் உறைந்துபோய் நிற்கும்.

நிஜமாகவே இல்லாதவர்களும் செய்திருக்கிறார்கள். கானாவில் அஷேசி பல்கலைக்கழகம் 2002-ல் வாடகைக் கட்டடத்தில் 30 மாணவர்களோடு தொடங்கியது. சொந்த வளாகத்துக்குப் போக அவர்களுக்கு 2011 ஆகிவிட்டது. நடுவில் இருந்த ஒன்பது வருடமும் கட்டடத்தைக் காட்டி யாரையும் சேர்த்திருக்க முடியாது, பாடமும் பெயரும்தான் ஆள் சேர்த்தன.

2. "புதுமைன்னா ஸ்மார்ட் வகுப்பறை, செயலி, அந்த மாதிரிதானே?"

இல்லை. அதெல்லாம் வாங்குவது, காசு இருந்தால் யாரும் வாங்கலாம், பக்கத்துப் பல்கலைக்கழகமும் அடுத்த மாதமே வாங்கிவிடும். மாணவருக்கு ஏதாவது ஒரு விஷயம் முன்பைவிட நன்றாகவோ, சீக்கிரமாகவோ, மலிவாகவோ நடக்கிற மாதிரி வேலை செய்யும் முறையை மாற்றினால் அதைப் புதுமை என்பேன். மதிப்பெண் பட்டியல் நகல் கொடுக்க மூன்று வாரம் ஆனது மூன்று நாளில் முடிந்தால் அதுவும் புதுமைதான். யாரும் பத்திரிகையில் போட மாட்டார்கள், அவ்வளவுதான்.

3. "எங்க வருமானமே கட்டணம்தான். வருஷா வருஷம் கொஞ்சம் ஏத்திட்டே போனா சமாளிக்க முடியாதா?"

கொஞ்ச நாள் முடியும். கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1960-களில் வில்லியம் பௌமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இசைக்கலைஞர்களை வைத்துச் சொன்னது. நான்கு பேர் வாசிக்கும் ஒரு இசைத்துணுக்கை வாசிக்க இருநூறு வருடத்துக்கு முன்பும் நான்கு பேர்தான், அதே நேரம்தான், இன்றைக்கும் அப்படியேதான். ஆனால் மற்ற தொழில்களில் உற்பத்தித்திறன் ஏற ஏறச் சம்பளமும் ஏறும், இவர்களுக்கும் அதற்கு ஈடாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கற்பித்தலும் அப்படித்தான். அதனால் எதையும் மாற்றாமல் சும்மா இருந்தாலே செலவு ஏறும்.

அதைக் கட்டணத்தில் ஏற்றினால் என்ன ஆகிறது? அமெரிக்கத் தனியார் கல்லூரிகளைப் பாருங்கள். அறிவிப்பில் ஒரு கட்டணம் போட்டுவிட்டு, உதவித்தொகை என்ற பெயரில் தள்ளுபடி கொடுத்துக்கொடுத்து, முதலாண்டு மாணவர்களுக்கான சராசரித் தள்ளுபடி 50 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பலகையில் இருக்கும் விலையைப் பார்த்தே பாதிப் பேர் உள்ளே வராமல் போய்விடுகிறார்கள், வந்தவர்களும் அந்த விலையைக் கொடுப்பதில்லை.

4. "அப்போ குறைச்சுடலாமா? குறைச்சா கூட்டம் வருமா?"

குறைத்தால் மட்டும் வராது. வர்ஜீனியாவில் ஸ்வீட் பிரையர் என்று ஒரு சின்ன மகளிர் கல்லூரி. 2015 மார்ச்சில் மூடப்போகிறோம் என்று அறிவித்தே விட்டார்கள். முன்னாள் மாணவிகள் வழக்குப் போட்டு, நன்கொடை திரட்டி, மூடவிடாமல் நிறுத்தினார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கல்லூரி கட்டணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் அதோடு விடவில்லை, பாடத்திட்டத்தையே கலைத்துப்போட்டுத் தலைமைப்பண்பை மையமாக வைத்துப் புதிதாக எழுதியது, கல்வியாண்டின் அமைப்பையும் மாற்றியது.

கட்டணத்தை மட்டும் வெட்டினால் "இவங்களுக்கு ஆள் வரலை போல" என்றுதான் பெற்றோர் பேசிக்கொள்வார்கள். கூடவே ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

5. "சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? முதல்ல எதை வாங்கணும்?"

முதலில் எதை நிறுத்தலாம் என்று பாருங்கள். அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் பால் குவின் என்று ஒரு கல்லூரி, கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது, 2007-ல் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. புதிதாக வந்த தலைவர் மைக்கேல் சாரெல் செய்த முதல் வேலைகளில் ஒன்று கால்பந்து அணியைக் கலைத்தது. அமெரிக்கக் கல்லூரியில் அதைத் தொடுவதென்றால் எவ்வளவு எதிர்ப்பு வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2010-ல் அந்த மைதானத்தையே இயற்கை விவசாயப் பண்ணையாக்கிவிட்டார்கள். அந்தப் பகுதியில் நல்ல காய்கறிக் கடையே கிடையாது என்பதால் பண்ணை விளைச்சலுக்கும் தேவை இருந்தது. பிறகு 2017-ல் மாணவர்கள் எல்லாரும் படிப்போடு வேலையும் செய்யும் கல்லூரியாக மாறியது.

நான் இருந்த ஒரு இடத்தில் நடந்ததையும் சொல்கிறேன். புது வகுப்பறைக் கட்டடம் வேண்டும் என்று கோப்பு வந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பரீட்சை அட்டையும் பென்சிலுமாக அலுவலக உதவியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் எல்லா அறைகளையும் சுற்றினேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நிற்க இடமில்லை. மதியம் இரண்டரைக்கு மூன்றாம் மாடியில் வரிசையாக ஆறு அறை காலி, கடைசியில் இருந்த கணினி ஆய்வகம் பூட்டு, ஜன்னல் வழியே பார்த்தால் திரைகளுக்கு உறை போட்டு அதன் மேல் தூசி. விசாரித்தால், மூத்த ஆசிரியர்கள் எல்லாருக்கும் காலைப் பாடவேளைதான் வேண்டுமாம். கால அட்டவணையைக் கலைத்துப் போட்டோம், ஒரு மாதம் எல்லாரும் என்னைத் திட்டினார்கள், கட்டடக் கோப்பு அலமாரிக்குப் போய்விட்டது.

6. "புதுசா நாலு பாடப்பிரிவு ஆரம்பிச்சா சேர்க்கை ஏறாதா? எல்லாரும் ஆரம்பிக்கறாங்களே."

எல்லாரும் ஆரம்பிப்பதுதான் பிரச்சினை. எந்தப் படிப்பு இன்றைக்குப் பேச்சில் அடிபடுகிறதோ அதே பெயரில் எல்லா இடத்திலும் ஒரு பலகை, உள்ளே போய்ப் பார்த்தால் பழைய பாடங்களுக்குப் புது அட்டை. மாணவருக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் விலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஒவ்வொரு புதுப் பிரிவும் ஒரு துறைத்தலைவர், ஒரு ஆய்வகம், நூலகத்தில் ஒரு அலமாரி, தேர்வுப் பிரிவில் ஒரு தலைவலி. மூன்றாவது வருடம் சேர்க்கை விழுந்தால் இழுத்து மூடவும் முடியாது, உள்ளே இருப்பவர்கள் முடித்துப் போகும் வரை நடத்தியே ஆக வேண்டும்.

அதற்குப் பதில் ஒன்றில் ஆழமாக இறங்கியவர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் பாப்சன் கல்லூரி 1919-ல் வணிகப் படிப்புக்கென்று தொடங்கியது, இன்றைக்கு வரைக்கும் தொழில்முனைவு என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. எல்லாத் துறையும் வைத்து நடத்தும் பெரிய பல்கலைக்கழகத்தோடு எல்லாத் துறையிலும் மோதும் வேலையே அவர்களுக்கு இல்லை. என் விதி எளிது, ஒரு பிரிவு தொடங்க வேண்டுமென்றால் ஒரு பிரிவை மூட வேண்டும். கூட்டத்தில் இதைச் சொன்னதும் பாதிக் கோரிக்கைகள் தானாகவே திரும்பப் போய்விடும்.

7. "விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கணும்?"

இதற்கு நான் எப்போதும் வேறு கேள்வியைத்தான் பதிலாகக் கொடுப்பேன்: போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் இல்லை? முக்கால்வாசி இடங்களில் உடனே பதில் வராது. சும்மா ஒரு கணக்குப் போடுங்கள். நான்கு வருடப் படிப்பில் 500 பேர் சேர்ந்து முதல் வருட முடிவில் 75 பேர் விலகிவிட்டால், மீதி மூன்று வருடத்துக்கு 225 பேரின் ஓராண்டுக் கட்டணம் போச்சு. அதில் 30 பேரைத் தக்கவைத்தாலே 90 கட்டணம் கையில் நிற்கும், இதற்கு ஒரு விளம்பரப் பலகைகூட வேண்டாம்.

இதை ஊரறியச் செய்து காட்டியது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம். அது அரசு நிறுவனம், ஆனாலும் பாடம் எல்லாருக்கும்தான். கொஞ்சம் பாக்கிப் பணம் கட்ட முடியாமல் பெயர் நீக்கப்படும் மாணவர்களை 2011-லிருந்து அவர்களே தேடிப் போய், விண்ணப்பம்கூடக் கேட்காமல், சிறு தொகை கொடுத்துக் கணக்கை நேர்செய்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து மதிப்பெண், பாடத்தேர்வு என்று சுமார் 800 அறிகுறிகளைக் கணினி கவனித்து ஆலோசகருக்குச் சொல்லும் ஏற்பாடும் வந்தது. உங்களுக்கு 800 வேண்டாம். மூன்று போதும்: தொடர்ந்து ஒரு வாரம் வரவில்லை, முதல் இடைத்தேர்வில் இரண்டு பாடம் போச்சு, கட்டணத் தவணை தாண்டிவிட்டது. இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் யாராவது ஒருவர் அந்த வாரமே போன் பண்ண வேண்டும்.

பதிவாளர் அலுவலகத்தில் என் கையால் இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் தேர்வு அனுமதிச் சீட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். பாக்கி இருந்த தொகை, அந்த வருடம் பட்டமளிப்பு மேடையில் கட்டிய பதாகைச் செலவைவிடக் குறைவு. அவள் திரும்ப வரவே இல்லை. அந்தக் கோப்பின் எண்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

8. "ஆசிரியர்கள் மாறவே மாட்டேங்கறாங்க. கூட்டம் போட்டாச்சு, பயிற்சி கொடுத்தாச்சு."

கூட்டத்தில் மாறுவதற்கு யாருக்கும் காரணம் இல்லையே. வாரத்துக்கு இருபது மணிநேரம் பாடம், அதற்கு மேல் தேர்வுக் கண்காணிப்பு, தர மதிப்பீட்டுக் குழுவுக்குக் கோப்பு தயார் செய்வது, சேர்க்கை நேரத்தில் போன் பேசுவது, இதெல்லாம் தலையில் இருக்கும்போது "புதிய முறையில் கற்பியுங்கள்" என்றால் நானாக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். முதலில் நேரம் விடுவிக்க வேண்டும். கேள்வி 5-ல் சொன்ன நிறுத்தல் இங்கேதான் பலன் தரும், நாலு பேர் படிக்கும் விருப்பப்பாடத்தை எடுத்துவிட்டால் அந்த ஆசிரியருக்கு வாரத்தில் நாலு மணிநேரம் கிடைக்கிறது.

முறை மாறினால் பலன் உண்டா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2014-ல் வந்தது. வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் தோல்வி 34 விழுக்காட்டுக்குப் பக்கம், மாணவர்கள் பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளில் 22-க்குப் பக்கம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வகுப்பு நடுவில் ஒரு கேள்வி போட்டு, கை தூக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் விவாதிக்கவிட்டு, மறுபடி கை தூக்கச் சொல்வது ஹார்வர்டில் எரிக் மாஸூர் 1991-லிருந்து செய்துவரும் முறை. தோல்வி குறைந்தால் அரியர் குறையும், அரியர் குறைந்தால் விலகுவது குறையும். கேள்வி 7-ன் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

9. "மென்பொருள்காரங்க சொல்ற விலையைக் கேட்டாலே மயக்கம் வருது."

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பாடங்களை நடத்த மூடுல் 2002-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நூலகத்துக்குக் கோஹா. நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலக அமைப்பு, 2000-ம் ஆண்டு பிறந்ததும் தேதிக் கணக்குக் குழம்பித் தங்கள் பழைய மென்பொருள் படுத்துவிடும் என்று பயந்து எழுதவைத்து, அப்படியே எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு என்று பொருள். பாடநூலுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், 2012-லிருந்து.

ஆனால் இலவசம் என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ள, புதுப் பதிப்பு ஏற்ற, நள்ளிரவில் விழுந்தால் எழுப்பி நிறுத்த ஒரு ஆள் வேண்டும், அவருக்கு நல்ல சம்பளமும் வேண்டும். உரிமக் கட்டணத்தில் மிச்சப்படுத்தியதில் பாதியை அந்த ஆளுக்குக் கொடுங்கள். கொடுக்காமல் கணிப்பொறித் துறை ஆசிரியர் ஒருவர் தலையில் கட்டிய இடங்களில் ஒரே வருடத்தில் அது செத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

10. "ஆன்லைன் படிப்பு ஆரம்பிச்சா வருமானம் கொட்டுமாமே?"

கொட்டியவர்களும் உண்டு. தெற்கு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்துக்கு 2003-ல் பால் லெப்ளாங்க் தலைவராக வந்தபோது மூவாயிரத்துக்கும் குறைவான மாணவர்கள்தான். பிற்பாடு ஆன்லைன் வழியாக ஒரு லட்சத்தைத் தாண்டியது. எப்படி என்று கேட்டால் எல்லாரும் தொழில்நுட்பத்தைச் சொல்வார்கள். நான் கவனித்தது வேறு. ஆன்லைன் பிரிவை வளாகத்திலிருந்து தனியாகப் பிரித்து, அதன் விதிகளை அதுவே வகுத்துக்கொள்ள விட்டார்கள். விசாரித்தவருக்கு நாள்கணக்கில் காக்கவைக்காமல் நிமிடக்கணக்கில் கூப்பிட்டுப் பேசினார்கள். பழைய கல்லூரி மதிப்பெண் பட்டியலை மாணவர் அலைந்து வாங்காமல் இவர்களே கேட்டு வாங்கினார்கள். படிக்க வந்தவர்கள் வேலை பார்க்கும் பெரியவர்கள், அவர்களுக்கு இதுதான் வேண்டியிருந்தது. விளம்பரத்துக்கும் நிறையக் கொட்டினார்கள், அதையும் மறைக்கக் கூடாது. இன்றைக்கு அதே பாதையில் புதிதாக இறங்கினால் எதிரே அவர்களே நிற்கிறார்கள்.

11. "ஆன்லைன் படிப்புக்கு எல்லாத்தையும் நாங்களே பார்த்துக்கறோம், வருமானத்துல பங்கு மட்டும் கொடுங்கன்னு ஒரு நிறுவனம் வருது. கையெழுத்துப் போடலாமா?"

மெதுவாகப் போடுங்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் கட்டண வருமானத்தில் பாதிக்குப் பக்கம் அவர்களுக்குப் போவது சாதாரணம், காலமும் நீளம். இந்தத் தொழிலில் மிகப் பெரிய பெயராக இருந்த 2யூ, ஹார்வர்டும் எம்ஐடியும் தொடங்கிய எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தை 2021-ல் 80 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 ஜூலையில் அதே நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த நிலை.

மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். மாணவர் விவரங்கள் யாருக்குச் சொந்தம், பாடக் காணொளிகள் யாருக்குச் சொந்தம், நடுவில் பிரிந்தால் படித்துக்கொண்டிருப்பவர்களை யார் முடித்துவைப்பது. இதில் ஒன்றுக்குக்கூட இழுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

12. "தொழில் நிறுவனங்களோட நிறைய ஒப்பந்தம் போட்டிருக்கோம், ஆனா ஒண்ணும் நடக்கலையே?"

பூங்கொத்து, புகைப்படம், கோப்பு, அதோடு சரி, இல்லையா? ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்றால் அந்த நிறுவனத்தில் யார் பெயருக்கு நம் ஆள் போன் பண்ண முடியும் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் தெரியவில்லை என்றால் அது கணக்கில் கிடையாது.

படிப்பும் வேலையும் மாறிமாறி வரும் முறையை 1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கினார். மூன்று வருடம் கழித்து பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டு, அதையே தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டது. கடைசி செமஸ்டரில் ஒட்டவைக்கும் பயிற்சி இல்லை இது, சம்பளத்தோடு மாதக்கணக்கில் வேலை, கால அட்டவணையே அதற்கேற்ப அமைந்திருக்கும். சின்னப் பல்கலைக்கழகம் நூறு நிறுவனங்களைத் தேட வேண்டாம். அருகிலேயே இருக்கும் ஐந்து நடுத்தர நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொறுப்பாளர், வருடத்துக்கு இரண்டு மாணவர்கள் என்று ஆரம்பித்தால் போதும். பெரிய நிறுவனங்களின் வாசலில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், நடுத்தர நிறுவனங்களை யாரும் போய்ப் பார்ப்பதே இல்லை.

13. "பக்கத்துக் கல்லூரி போட்டியாளர். அவங்களோட சேர்ந்து எதையாவது பண்ண முடியுமா?"

முடியும், மாணவர் கண்ணில் படாத விஷயங்களில் தொடங்கினால். கலிபோர்னியாவின் கிளேர்மான்ட்டில் ஏழு நிறுவனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிச் சேர்க்கை, ஆனால் நூலகம் ஒன்று. 1925-ல் தொடங்கிய ஏற்பாடு. மாசசூசெட்ஸில் ஓலின் பொறியியல் கல்லூரி 2002-ல் முதல் அணியைச் சேர்த்தபோது, கேள்வி 6-ல் சொன்ன பாப்சனுக்குப் பக்கத்திலேயே அமர்ந்து பல சேவைகளைப் பகிர்ந்துகொண்டது. ஓலினுக்கு அப்போது காசு பிரச்சினையே கிடையாது, ஒரு அறக்கட்டளை அள்ளிக் கொடுத்து உருவானது. அவர்களே பகிர்ந்துகொள்ளும்போது நமக்கு என்ன வெட்கம்?

நூலகச் சந்தா, விலை உயர்ந்த ஆய்வகக் கருவி, உளவியல் ஆலோசகர், பத்துப் பேர் மட்டும் எடுக்கும் மொழிப்பாடம், இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு வருடம் செய்துபாருங்கள்.

14. "தரவரிசையில பேர் வரலைன்னா யாரும் மதிக்கவே மாட்டாங்களே?"

எந்தத் தரவரிசை எதை எடைபோடுகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள். 2003-ல் தொடங்கிய ஷாங்காய் பட்டியலில் 30 விழுக்காடு எடை, முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும். இன்னொரு 20 நேச்சர், சயின்ஸ் என்ற இரண்டு இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு. க்யூஎஸ் பட்டியலில் 30 விழுக்காடு, மற்ற கல்வியாளர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கருத்துக்கணிப்பு. இதில் இரண்டாயிரம் மாணவர் கொண்ட கற்பித்தல் நிறுவனம் காசைப் போட்டு எங்கே ஏறுவது?

ஏற வேண்டுமென்று கிளம்பியவர்கள் கட்டுரை எண்ணிக்கையை ஊதப்போய், பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களில் போய் விழுகிறார்கள், கடைசியில் இருந்த பெயரும் போகிறது. முடித்தவர்கள் ஆறு மாதத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதை, வேலை கிடைக்காதவர்களையும் சேர்த்து, வருடாவருடம் வெளிப்படையாகப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.

15. "கட்டடமே இல்லாம மினர்வா நடத்தறாங்களே, நாமும் அப்படிப் போயிடலாமா?"

மினர்வா அமெரிக்காவில் தொடங்கிய பல்கலைக்கழகம், 2014-ல் முதல் அணியைச் சேர்த்தது. மாணவர்கள் உலகத்தில் பல நகரங்களில் மாறிமாறி வசிப்பார்கள், இருபதுக்கும் குறைவான பேர் கொண்ட வகுப்பு, எல்லாம் திரையில் நேரலை. பார்க்க மலிவு மாதிரி இருக்கும். ஆனால் தொடக்கத்திலேயே இரண்டரைக் கோடி டாலர் முதலீடு, வகுப்பு நடத்தும் தளத்தைச் சொந்தமாகவே எழுதினார்கள், தனி அங்கீகாரம் கிடைக்க 2021 ஆயிற்று. ஏற்கெனவே கட்டடமும் கடனும் வைத்திருப்பவர் அந்த வேஷத்தைப் போட முடியாது. விரிவுரையே கிடையாது, எல்லாம் விவாதம் என்ற அவர்களுடைய வகுப்பு முறையை எடுத்துக்கொள்ளலாம். அது கேள்வி 8-ல் சொன்னதுதான், அதற்குக் காசு வேண்டாம்.

16. "ஏஐ வந்துடுச்சு, இனிமே யார் பல்கலைக்கழகத்துக்கு வருவாங்க?"

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி. எனக்குத் தெரிந்து உடனடி ஆபத்து சேர்க்கையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. வீட்டில் எழுதிவரும் ஒப்படைப்புக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பட்டத்துக்குச் சீக்கிரமே மதிப்பு இருக்காது. இங்கே சின்ன நிறுவனத்துக்கு ஒரு வசதி உண்டு. முப்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பத்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்க முடியும், முந்நூறு பேர் வகுப்பில் முடியவே முடியாது.

கேள்வி 1-ல் சொன்ன அஷேசியின் மாணவர்கள் 2008-ல் ஒரு நேர்மை விதிக்கு அவர்களே வாக்களித்து, கண்காணிப்பாளர் இல்லாமல் தேர்வு எழுதத் தொடங்கினார்கள். எல்லா இடத்திலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டத்தைப் பார்த்து வேலை கொடுப்பவர் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். அதற்கு ஆன செலவையும்.

17. "நிர்வாகக் குடும்பத்துக்குப் புரியவைக்கவே முடியலை. எல்லா முடிவும் மேலேர்ந்து வருது."

இது பேர் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி. வாதம் செய்து ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு துறை, ஒரே ஒரு செமஸ்டர், முன்னும் பின்னும் எண்ணி வைத்த இரண்டு எண்கள், அதைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான் கதவு திறந்தது. விலகல் எண்ணிக்கையைக் கட்டணமாக மாற்றிக் காட்டுங்கள், கேள்வி 7-ல் போட்ட மாதிரி. தத்துவம் புரியாதவர்களுக்கும் அந்தக் கணக்கு புரியும்.

18. "இதெல்லாம் பண்ணியும் முடியலைன்னா? மூடறதைப் பத்தி எப்போ யோசிக்கணும்?"

யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. சில இடங்களில் மாணவர்களே குறைந்துபோகிறார்கள், யாருடைய தப்பும் இல்லை. ஜப்பானில் பிறப்பு குறைந்து, 2023-ல் தனியார் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் தங்கள் இடங்களை நிரப்ப முடியவில்லை. அந்த நிலையில் எல்லாரும் புதுமை செய்தாலும் எல்லாரும் பிழைக்க முடியாது.

மோசமாக மூடுவது எப்படி என்பதற்கு மாசசூசெட்ஸின் மவுன்ட் ஐடா கல்லூரி. 2018 ஏப்ரலில் அறிவிப்பு, அந்தப் பருவத்தோடு கதவு மூடல், மாணவர்கள் அடுத்த கல்லூரி தேட வாரக்கணக்கில்தான் அவகாசம். கையிருப்பில் ஒரு முழுக் கல்வியாண்டை நடத்தும் பணம் இருக்கும்போதே பேச்சை ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் இன்னொரு நிறுவனத்தோடு இணைவது, உள்ளே இருப்பவர்களை முடித்து அனுப்புவது, ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே சொல்வது எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். பதிவேடுகள் யாரிடம் போகும் என்பதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். நான் பார்த்த அலுவலகத்தில், பத்துப் பதினைந்து வருடம் கழித்து மதிப்பெண் பட்டியல் நகல் கேட்டு வருபவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு நாளைக்குக் கடைசி நாள் என்று கையில் கடிதத்தோடு வந்து நிற்பார்கள்.